முயல் வளர்ப்பில் நோய்த் தடுப்பு: தீவனத் தொட்டியும் புழுக்கையும் சொல்லும் சேதி

கறவை மாடு, ஆடு, கோழி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகச் சிறு விவசாயிகள் வீட்டளவில் மேற்கொள்ளத்தக்க தொழில் முயல் வளர்ப்பு ஆகும். இதற்கு அதிக நிலம் வேண்டியதில்லை. வீட்டை ஒட்டிய சிறு கொட்டகையும் நான்கைந்து கம்பிவலைக் கூண்டுகளும் வரப்போரப் பசுந்தழையும் போதும். முயலின் சினைக்காலம் 30 முதல் 32 நாட்கள்தான். ஒரு ஈற்றுக்கு 6 முதல் 8 குட்டிகள் வரை ஈனும். ஆண்டுக்கு ஐந்து ஈற்று என்று கணக்கிட்டால், ஒரு பெண் முயலிடமிருந்து 30 குட்டிகளுக்குக் குறையாமல் கிடைக்க வேண்டும்.

ஆனால் நடைமுறையில் பல கொட்டகைகளில் இதில் பாதிகூட விற்பனைக்குத் தேறுவதில்லை. பிறந்த குட்டிகளில் சில முதல் வாரத்திலேயே இறக்கின்றன. தாயைப் பிரித்த பின் கழிச்சல் கண்டு வேறு சில இறக்கின்றன. எஞ்சியவை கோடை வெப்பத்தாலும் சொறியாலும் மெலிகின்றன. ‘நேற்று மாலை வரை நன்றாகத்தான் இருந்தது, காலையில் பார்த்தால் இறந்து கிடக்கிறது’ என்பதே முயல் வளர்ப்போர் பலரும் கூறும் குறை.

உண்மையில் அந்த முயல் நேற்று மாலை நன்றாக இருந்திருக்காது. நாய், நரி, பருந்து போன்றவற்றுக்கு இரையாகும் பிராணி ஆதலால், தன் நோவை வெளியே காட்டாமல் மறைப்பது முயலின் இயல்பு. மாடு கத்தும், ஆடு முனகும். முயலோ கடைசி வரை மூலையில் அமைதியாக அமர்ந்திருக்கும். அது படுத்துவிட்ட பிறகு செய்யும் வைத்தியம் பெரும்பாலும் பலன் தருவதில்லை. ஆகவே நோயை முயலின் முகத்தில் தேடாமல், தீவனத் தொட்டியிலும் கூண்டுக்கு அடியில் கிடக்கும் புழுக்கையிலும் தேட வேண்டும். முயலுக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை தீவனம், தரை, ஈரம், வெப்பம் ஆகிய நான்கில் ஏற்படும் தவறுகளிலிருந்தே தொடங்குகின்றன. இந்த நான்கும் விவசாயியின் கையில் உள்ளவை.

நலமான முயலின் அடையாளங்கள்

நலமான முயலின் கண்கள் தெளிவாகவும், மூக்கு உலர்ந்தும், உரோமம் பளபளப்பாகவும் இருக்கும். உடல் வெப்பம் 101 முதல் 103 டிகிரி பாரன்ஹீட் வரையிலும், சுவாசம் நிமிடத்துக்கு 30 முதல் 60 வரையிலும் இருக்கும். புழுக்கைகள் உருண்டையாகவும், ஒரே அளவாகவும், உலர்ந்தும் காணப்படும். புழுக்கை சிறுத்துப் போனாலும், எண்ணிக்கை குறைந்தாலும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழுந்தாலும் வயிற்றில் கோளாறு தொடங்கிவிட்டது என்று அறிய வேண்டும்.

புதிதாக முயல் வளர்ப்போர் இரண்டு செய்திகளைக் கண்டு வீணாக அஞ்சுகின்றனர். முயல் இரவிலும் விடியற்காலையிலும் திராட்சைக் கொத்துப் போன்ற மென்மையான ஒரு வகைச் சாணத்தை வெளியேற்றி, அதை உடனே ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்து விழுங்கும். இது நோய் அன்று. பெருங்குடல் பகுதியில் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய புரதத்தையும் பி வகை வைட்டமின்களையும் முயல் மீண்டும் பெறும் வழி இதுவே. ஆடு மாடுகள் அசை போடுவதைப் போன்றது இது. இதைத் தடுக்கக் கூடாது. அடுத்து, சில நாட்களில் முயலின் சிறுநீர் ஆரஞ்சு அல்லது செந்நிறமாகக் காணப்படும். தின்ற தழையில் உள்ள பொருள்களாலும் இந்த நிறம் வரலாம். முயல் நன்றாகத் தின்று சுறுசுறுப்பாக இருந்தால் கவலை வேண்டாம். சிறுநீர் கழிக்க முக்கினாலோ, தீவனம் எடுக்காவிட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வயிற்றுக் கோளாறுகள்

முயலின் வயிறு நார்ச்சத்தைச் செரிப்பதற்கென்றே அமைந்தது. குடலில் வாழும் கோடிக்கணக்கான நல்ல நுண்ணுயிர்கள் இதற்கு உதவுகின்றன. நார்ச்சத்து குறைந்து மாவுச்சத்து மிகுந்தால் இந்த நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டு, தீய கிருமிகள் பெருகி நஞ்சை உண்டாக்கும். வயிறு உப்பும், நீராகவோ சளி போலவோ கழியும். பல்லை நறநறவென்று கடித்தபடி முயல் குனிந்து அமர்ந்திருக்கும். முயலால் வாந்தி எடுக்க இயலாது. ஆகவே கெட்டுப்போனதைத் தின்றால் அதன் விளைவு முழுவதையும் குடலே தாங்க வேண்டும்.

இந்நிலை பெரும்பாலும் பின்வரும் தவறுகளால் ஏற்படுகிறது.

முதலாவது, அடர்தீவனத்தை அளவின்றிக் கொடுப்பது. சோறு, ரொட்டி, இட்லி, கஞ்சி போன்ற வீட்டு மீதங்களைக் கொட்டுவதும் இதில் அடங்கும். வளர்ந்த முயல் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 150 கிராம் அடர்தீவனமும், 200 முதல் 300 கிராம் பசுந்தீவனமும் போதுமானவை. இவற்றோடு காய்ந்த புல்லை எப்போதும் கூண்டில் வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது, தீவனத்தைத் திடீரென்று மாற்றுவது. புதிய தீவனத்தைப் பழைய தீவனத்துடன் சிறிது சிறிதாகக் கலந்து, 7 முதல் 10 நாட்களில் முழுமையாக மாற்ற வேண்டும். குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் வாரத்தில் எந்தத் தீவன மாற்றமும் செய்யலாகாது.

மூன்றாவது, பனி ஈரத்தோடும் மழை ஈரத்தோடும் புல்லை அறுத்துப் போடுவது. குவித்து வைத்துச் சூடேறிய பசுந்தழையும் தீங்கானது. முதல் நாள் மாலையில் அறுத்து, நிழலில் பரப்பி, வாட வைத்துக் கொடுப்பதே சிறந்தது.

நான்காவது, பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும். இவற்றில் வளரும் பூசணம் அப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. இந்த நஞ்சால் மிக எளிதில் பாதிக்கப்படும் பிராணிகளில் முயலும் ஒன்று. மாட்டுக்குப் போட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று முயலுக்கும் போடக் கூடாது. மழைக்காலத்தில் தீவன மூட்டைகளை மரப்பலகையின் மீது, சுவரை ஒட்டாமல் அடுக்கி, இரண்டு மூன்று வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கி வைக்க வேண்டும்.

தழைகளிலும் கவனம் வேண்டும். குதிரை மசால், வேலி மசால், அகத்தி, முருங்கை, கல்யாண முருங்கை ஆகியவை ஏற்றவை. சவுண்டல் எனப்படும் சூபாபுல் தழையில் மைமோசின் என்னும் பொருள் இருப்பதால், அதையே தொடர்ந்து கொடுத்தால் உரோமம் உதிரும். மற்றத் தழைகளோடு சிறிதளவு மட்டும் கலந்து கொடுக்கலாம். இளம் சோளப் பயிரும் உண்ணிச்செடியும் நஞ்சாகும். கொடைக்கானல் கீழ்மலைப் பகுதியில் பட்டர் புரூட் மரம் வைத்திருப்பவர்கள் அதன் தழையை முயலுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது மடியையும் இதயத்தையும் தாக்கும்.

ஒரு முயல் 12 மணி நேரம் எதையும் தின்னவில்லை என்றால் அதை அவசர நிலையாகக் கருத வேண்டும். குடல் அசைவு நின்றுவிட்டால் மணிக்கு மணி நிலைமை மோசமாகும். அடர்தீவனத்தை உடனே நிறுத்தி, காய்ந்த புல்லும் சுத்தமான நீரும் வைத்துவிட்டு, கால்நடை மருத்துவரின் உதவியை நாட வேண்டும்.

மனிதர் மாத்திரை முயலுக்கு எமன்

வீட்டில் குழந்தைக்கு வாங்கி மீந்த மருந்தையோ, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையையோ முயலின் வாயில் கொடுப்பது சில இடங்களில் வழக்கமாக உள்ளது. இது பெருந்தவறு. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின், எரித்ரோமைசின், லிங்கோமைசின், கிளிண்டாமைசின் போன்ற மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால், அவை முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்துவிடும். அந்த இடத்தில் நஞ்சை உண்டாக்கும் கிருமிகள் பெருகும். சில நாட்களில் கடும் கழிச்சல் கண்டு முயல் இறந்துவிடும். சிறு காயத்துக்கோ சளிக்கோ கொடுத்த மருந்தே உயிரைப் பறித்துவிடும். விவசாயியோ நோயால் இறந்தது என்று எண்ணிக்கொள்வார். முயலுக்கு ஏற்ற மருந்துகள் உண்டு. ஆனால் எதை, எந்த வழியில், எவ்வளவு கொடுப்பது என்பதைக் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

காக்சிடியா நோய்

தாயைப் பிரித்த குட்டிகளின் பெரும் பகைவன் இந்நோய். எய்மீரியா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியால் இது வருகிறது. இதில் ஒரு வகை கல்லீரலையும் மற்ற வகைகள் குடலையும் தாக்கும். ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை வயதுள்ள குட்டிகளுக்கே பாதிப்பு அதிகம். வளர்ந்த முயல்கள் நோய்க்குறி எதுவும் இன்றியே இந்த ஒட்டுண்ணியைப் புழுக்கை வழியாக வெளியேற்றிக்கொண்டிருக்கும்.

நோய் கண்ட குட்டிகள் தீவனம் குறைவாக எடுக்கும். வயிறு பானை போலப் பெருத்து, முதுகெலும்பு துருத்தித் தெரியும். கழிச்சல் இருக்கும், சில சமயம் ரத்தமும் கலந்திருக்கும். இறந்த குட்டியை அறுத்துப் பார்த்தால், கல்லீரல் வகை நோயில் கல்லீரல் மீது வெண்மையான அல்லது மஞ்சளான முடிச்சுகள் காணப்படும்.

இந்த ஒட்டுண்ணியின் முட்டைகள் புழுக்கையோடு வெளிவந்ததும் நோயை உண்டாக்குவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்து, இரண்டு மூன்று நாட்கள் முதிர்ந்த பின்புதான் நோயூட்டும் நிலையை அடைகின்றன. அதற்கு முன் புழுக்கையை அப்புறப்படுத்தினால் நோய்ச் சங்கிலி அறுபடும். ஆகவே தினந்தோறும் கூண்டைச் சுத்தம் செய்வது வெறும் தூய்மைக்காக மட்டும் அன்று. அதுவே இந்நோய்க்கு மருந்தும் ஆகும். வாரம் ஒரு முறை கழுவிச் சுத்தம் செய்வோர் கொட்டகையில் இந்நோய் நீங்காமல் இருப்பதற்குக் காரணமும் இதுவே.

சாதாரணக் கிருமிநாசினிகளுக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் இந்த முட்டைகள் அழிவதில்லை. கொதிக்கும் நீர், தீச்சுடர், நல்ல வெயிலில் காய்வது ஆகியவற்றால் அழியும். முயல்களை வேறு கூண்டுக்கு மாற்றிவிட்டு, காலிக் கூண்டை வெளியே எடுத்துக் கழுவி, புளோ லாம்ப் எனப்படும் தீச்சுடர் விளக்கால் கம்பிகளைக் காட்டி எடுக்கலாம். கூரைக் கொட்டகைக்கு அருகில் இதைச் செய்யக் கூடாது.

பசுந்தழையைக் கூண்டின் தரையில் போடாமல், பக்கவாட்டில் கட்டித் தொங்கவிட வேண்டும். குட்டிகளை வளர்ந்த முயல்களுடன் கலந்து வைக்கக் கூடாது. நோய் கண்டுவிட்டால், ஆம்ப்ரோலியம் அல்லது சல்பா வகை மருந்தை மருத்துவர் கூறும் அளவில் குடிநீரில் கலந்து, அவர் கூறும் நாட்கள் வரை விடாமல் கொடுக்க வேண்டும். குட்டிகள் தேறிவிட்டன என்று இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

சொறி நோய்

கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகளால் வரும் இந்நோய், மூக்கு, உதடு, காது ஓரம், கால் நகங்களின் அடி ஆகிய இடங்களில் முதலில் தோன்றும். உரோமம் உதிர்ந்து, சாம்பல் நிறப் பொருக்குத் தட்டும். மற்றொரு வகைப் பூச்சி காதின் உட்புறத்தில் தங்கி, அடுக்கடுக்காகப் பொருக்கு உண்டாக்கும். முயல் அடிக்கடி தலையை உதறுவதும் பின்காலால் காதைச் சொறிவதும் இதன் அடையாளம். கவனிக்காமல் விட்டால் தீவனம் தின்ன முடியாமல் மெலிந்து இறக்கும்.

ஐவர்மெக்டின் ஊசி இதற்கு நல்ல பலன் தரும். முயலின் எடைக்கு ஏற்ப மருத்துவர் தோலுக்கடியில் இதைச் செலுத்துவார். ஒரு முறை ஊசி போட்டுப் பொருக்கு உதிர்ந்ததும் பலர் நின்றுவிடுகின்றனர். பூச்சிகளின் முட்டைகள் முதல் ஊசியில் அழிவதில்லை. அவை பொரித்து வரும் பூச்சிகளைக் கொல்ல, 10 முதல் 14 நாட்கள் கழித்து இரண்டாம் ஊசி அவசியம். நோய் கண்ட முயலுக்கு மட்டுமன்றி, அதனுடன் பழகிய எல்லா முயல்களுக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்ய வேண்டும். காதுப் பூச்சி முயலின் உடலை விட்டு விழுந்த பின்னும் மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கக்கூடும். ஆகவே கூண்டையும் குட்டி ஈனும் பெட்டியையும் சுத்தம் செய்யாமல் முயலுக்கு மட்டும் ஊசி போடுவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது போலாகும்.

காதில் உள்ள பொருக்கைப் பிய்த்து எடுக்கக் கூடாது. ரத்தம் கசிந்து முயல் மிகுந்த வேதனைப்படும். மருந்து வேலை செய்த பின் அது தானே உதிரும். பழைய என்ஜின் எண்ணெயைத் தடவுவதும் தவறு. முயல் உடலை நக்கும்போது அது வயிற்றுக்குள் போகும். நாய்க்கு உண்ணி போகத் தெளிக்கும் பிப்ரோனில் மருந்தை முயல் மீது தெளித்தால் உயிருக்கே ஆபத்து.

சொறிப் பூச்சியும் படர்தாமரையும் முயலிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். நோய் கண்ட முயலைக் குழந்தைகள் தூக்கி விளையாட விடக் கூடாது. கையாண்ட பின் சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவ வேண்டும்.

மூக்கொழுகல் நோய்

பாஸ்சுரெல்லா என்னும் பாக்டீரியாவால் வரும் இந்நோயில் முயல் தொடர்ந்து தும்மும். மூக்கிலிருந்து வெண்சளி ஒழுகும். முயல் முன்கால்களால் மூக்கைத் துடைத்துக்கொள்வதால் மூக்கு வெளிப்பார்வைக்குச் சுத்தமாக இருக்கக்கூடும். ஆகவே முன்கால்களின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். அங்கு உரோமம் ஈரமாகவோ, திரிதிரியாக ஒட்டியோ இருந்தால் நோய் இருக்கிறது என்று பொருள். நோய் முற்றினால் நுரையீரல் அழற்சியும், தலை ஒரு பக்கம் சாய்வதும், தோலுக்கடியில் சீழ்க்கட்டியும் உண்டாகும்.

மருந்தால் இந்நோய் அடங்குமே தவிர, பெரும்பாலும் முற்றிலும் நீங்குவதில்லை. அடிக்கடி நோய் திரும்பும் முயலை இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளாமல் கழித்துவிடுவதே மந்தைக்கு நல்லது.

இந்நோய்க்கு வழி வகுப்பது சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா வாடை. அது முயலின் சுவாசப் பாதையை அரித்துக் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும். நின்றபடி முகர்ந்து பார்ப்பதில் பயனில்லை. கூண்டின் மட்டத்துக்குக் குனிந்து அமர்ந்து பார்க்க வேண்டும். அங்கே கண் எரிந்தால், அந்த எரிச்சலை முயல் இரவு பகலாக அனுபவிக்கிறது என்று அறிய வேண்டும். காற்றோட்டம் வேண்டும், ஆனால் வாடைக்காற்று நேராக வீசக் கூடாது. மழைக்காலத்தில் சாக்குப் படுதாவைக் காற்று வரும் பக்கம் மட்டும் இறக்கிவிட்டு, மேல்பகுதியைத் திறந்து வைக்கலாம்.

குதிகால் புண்ணும் பல் வளர்ச்சியும்

நாய், பூனை போல் முயலின் பாதத்தில் மெத்தை கிடையாது. உரோமம்தான் பாதுகாப்பு. கம்பித் தரையில் துருவோ, முனையோ, ஈரமோ இருந்தால் பின்னங்கால் குதிகாலில் உரோமம் தேய்ந்து புண்ணாகும். எடை மிகுந்த முயல்களுக்கு இது அதிகம் வரும். புண்ணைக் கழுவி, போவிடோன் அயோடின் மருந்திட்டு, கூண்டுக்குள் ஒரு சிறு மரப்பலகையை வைத்தால் முயல் அதன் மீது அமர்ந்து கால்களுக்கு ஓய்வு கொடுக்கும். பலகையை அவ்வப்போது கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும்.

முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளரும். காய்ந்த புல்லையும் மரக்குச்சியையும் கடிப்பதால் தேய்ந்து சமமாகும். மேல் கீழ்ப் பற்கள் நேராகப் பொருந்தாவிட்டால் அவை தேயாமல் வளைந்து நீண்டு, தீவனத்துக்கு அருகில் வந்தும் தின்ன முடியாமல் முயல் மெலியும். மோவாய் எச்சிலால் நனைந்திருப்பது இதன் அடையாளம். நகவெட்டியால் வெட்டினால் பல் நெடுக்கில் பிளந்துவிடும். மருத்துவரைக் கொண்டு சரிசெய்ய வேண்டும். இக்குறை பெரும்பாலும் பரம்பரையாக வருவதால் அத்தகைய முயலை இனவிருத்திக்குப் பயன்படுத்தக் கூடாது.

தாயும் குட்டிகளும்

குட்டி ஈனும் பெட்டியைச் சினையின் 26 அல்லது 27ஆம் நாளில் கூண்டுக்குள் வைக்க வேண்டும். அதில் காய்ந்த புல்லைப் பரப்பினால், தாய் தன் உரோமத்தைப் பிடுங்கி மெத்தை அமைக்கும். பிறந்த குட்டிக்கு உரோமம் இல்லை, கண்ணும் திறந்திருக்காது. 10 முதல் 12 நாட்களில்தான் கண் திறக்கும். அதுவரை சூடு ஒன்றே அதற்கு உயிர். பெட்டிக்கு வெளியே விழுந்து குளிர்ந்த குட்டியை, முதலில் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக்கிய பின்பே பெட்டிக்குள் விட வேண்டும்.

தாய் முயல் நாளொன்றுக்கு ஒரு முறை அல்லது இரு முறை, சில நிமிடங்கள் மட்டுமே பால் கொடுக்கும். மற்ற நேரத்தில் பெட்டிப் பக்கம் போகாமல் இருப்பதைக் கண்டு, தாய் குட்டிகளை ஒதுக்கிவிட்டது என்று கருத வேண்டாம். காலையில் பெட்டியைப் பார்த்து, குட்டிகளின் வயிறு உருண்டு நிறைந்திருக்கிறதா என்று கவனித்தால் போதும். வயிறு ஒட்டித் தோல் சுருங்கியிருந்தால் பால் கிடைக்கவில்லை.

அப்போது தாயின் மடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மடி சூடாகவும் கடினமாகவும் சிவந்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் அது மடிவீக்க நோய். இது கிருமியால் வருவது. உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். நோய் கண்ட தாயின் குட்டிகளை மற்றொரு தாயிடம் விட்டால், குட்டிகளின் வாய் வழியே நோய் அந்தத் தாய்க்கும் பரவும். இரக்கப்பட்டுச் செய்யும் இக்காரியத்தால் இரண்டு தாய்களையும் இரண்டு ஈற்றுக் குட்டிகளையும் இழக்க நேரிடும்.

தாய் குட்டியைத் தின்றுவிட்டது என்ற புகாரும் உண்டு. ஈனும் நேரத்தில் தண்ணீர் இல்லாமை, நாய், பூனை, எலி ஆகியவற்றின் தொல்லை, ஆட்கள் கூடி வேடிக்கை பார்ப்பது ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள். பால் கொடுக்கும் முயல் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வரை நீர் குடிக்கும். இரவு முழுவதும் தொட்டியில் நீர் இருக்க வேண்டும்.

கோடை வெப்பம்

முயலுக்கு உடலில் வியர்ப்பதில்லை. நீண்ட காதுகளின் வழியாகவும் மூச்சின் வழியாகவுமே வெப்பத்தை வெளியேற்றுகிறது. 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலே அதற்கு ஏற்றது. மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் கொடைக்கானல் மலையில் உள்ள மன்னவனூரில் முயல்களைப் பராமரித்து வருகிறது. அங்குள்ள குளிர்ச்சியில் முயல் செழித்து வளர்வதைப் பார்த்துவிட்டு வந்து, சமவெளியில் தகரக் கொட்டகையில் அதே முயலை வளர்த்தால் சித்திரை வெயிலில் இழப்பு உறுதி.

வெப்பம் தாக்கிய முயல் நீட்டிப் படுத்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து மூச்சிரைக்கும். காதுகள் சிவந்து சூடாக இருக்கும். அதை உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் காதுகளையும் பாதங்களையும் துடைத்து, விசிற வேண்டும். ஐஸ் நீரில் முக்கக் கூடாது. அதிர்ச்சியில் இறந்துவிடும். நினைவின்றிக் கிடக்கும் முயலின் வாயில் நீர் ஊற்றவும் கூடாது.

கொட்டகையைக் கிழக்கு மேற்காக அமைத்து, தகரம் அல்லது கல்நார்க் கூரையின் மீது தென்னங்கீற்று வேய்ந்து, நண்பகலில் அதன் மேல் நீர் தெளிக்கலாம். பக்கங்களில் நனைத்த சாக்குத் தொங்கவிடலாம். மழை பெய்து காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் சாக்கை நனைப்பது பயன் தராது. குளிர்பதனப் பெட்டி உள்ள வீடுகளில், பிளாஸ்டிக் புட்டிகளில் நீரை உறைய வைத்து, துணி சுற்றிக் கூண்டில் வைத்தால் முயல் அதன் மீது சாய்ந்து கொள்ளும். தீவனத்தை அதிகாலையிலும் இரவிலும் வைக்க வேண்டும்.

கோடையில் இணை சேர்த்தும் சினை பிடிக்கவில்லை என்றால் பெண் முயலைக் குறை கூற வேண்டாம். வெப்பம் தாக்கிய ஆண் முயலின் விந்து தரம் குறைந்துவிடும். வெப்பம் தணிந்த பின்னும் அது சீராக ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகலாம்.

புதிய முயலும் இறந்த முயலும்

வாங்கி வந்த முயலோடு நோயும் வரும். 1984ஆம் ஆண்டு சீனாவில், ஜெர்மனியிலிருந்து கொண்டுவரப்பட்ட அங்கோரா முயல்களிடையே தோன்றிய ரத்தக்கசிவு வைரஸ் நோய், அதன்பின் பல நாடுகளில் பரவி கோடிக்கணக்கான முயல்களை அழித்தது. அத்துணைப் பெரிய நோய் வராவிட்டாலும், ஒரு சொறி முயல் போதும், ஒரு கொட்டகையைக் கெடுக்க. புதிய முயலைக் குறைந்தது 21 நாட்கள் தனி இடத்தில் வைத்துக் கவனிக்க வேண்டும். அதற்குத் தீவனம் வைப்பதைக் கடைசி வேலையாகச் செய்ய வேண்டும்.

முயலைக் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கழுத்துக்குப் பின்னுள்ள தளர்ந்த தோலை ஒரு கையால் பிடித்து, மறு கையால் பின்புறத்தைத் தாங்கித் தூக்க வேண்டும். தாங்காமல் தூக்கினால் அது உதறும் வேகத்தில் முதுகெலும்பு முறிந்து பின்னங்கால்கள் செயலிழந்துவிடும்.

முயல்கள் அடுத்தடுத்து இறந்தால், உடலைக் குப்பையில் எறிந்துவிட்டு வாளாவிருக்கக் கூடாது. இறந்த சில மணி நேரத்துக்குள் அருகில் உள்ள கால்நடை மருத்துவமனைக்கோ, மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ எடுத்துச் சென்று பிரேதப் பரிசோதனை செய்தால் காரணம் தெரியும். இறந்த ஒன்று, மீதியுள்ளவற்றைக் காப்பாற்ற உதவும். பின்னர் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிட வேண்டும்.

கால் மணி நேரக் கவனிப்பு

நாள்தோறும் காலையில் புதுத் தீவனம் வைக்கும் முன் ஒவ்வொரு கூண்டின் முன்னும் சிறிது நின்று கீழ்க்கண்டவற்றைப் பார்க்க வேண்டும்.

1. நேற்று வைத்த தீவனம் மீந்துள்ளதா?
2. தண்ணீர் குறைந்துள்ளதா?
3. கூண்டின் அடியில் புழுக்கை உருண்டையாகவும் போதிய அளவிலும் உள்ளதா?
4. முயல் தீவனத்தைக் கண்டதும் முன்வருகிறதா, மூலையிலேயே இருக்கிறதா?
5. ஈன்ற முயலின் பெட்டியில் குட்டிகளின் வயிறு நிறைந்துள்ளதா?

வாரம் ஒரு முறை முயலைக் கையில் எடுத்து, காது, மூக்கு, பல், முன்கால் உட்புறம், குதிகால், நகம், மடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அப்போதே எடை போட்டு, ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மெலிவைத் தராசு காட்டிவிடும். மருந்து கொடுத்த முயலுக்கு எந்த நாளில் என்ன மருந்து என்பதையும் அந்த நோட்டில் எழுதி, மருத்துவர் கூறும் நாட்கள் கழிந்த பின்பே இறைச்சிக்கு விற்க வேண்டும்.

ஐந்து பெண் முயலும் ஓர் ஆண் முயலும் உள்ள கொட்டகைக்கு இந்தக் காலைப் பார்வைக்குக் கால் மணி நேரம் போதும். தொட்டியில் தீவனம் மீந்திருப்பதை அன்றே கண்டவர், அந்த முயலைத் தனியே பிரித்து, காரணத்தைத் தேடத் தொடங்கிவிடுவார். மறுநாள் கண்டவருக்கு மருத்துவர் தேவைப்படும். மூன்றாம் நாள் கண்டவருக்கு மண்வெட்டிதான் தேவைப்படும். முயல் வளர்ப்பில் லாபமும் நட்டமும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் இருக்கின்றன.